சாயத்துக்கு முன் கசிவைத் தேடுங்கள்

மாணவர்களே, அமெரிக்காவில் சிலரது வீட்டு முற்றத்தில் பழைய ‘பாப்-அப் கேம்பர்’ கிடப்பதுண்டு. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மடக்கு வண்டி அது. கைப்பிடியைச் சுழற்றினால் கம்பிவடம் இழுபட்டுக் கூரை மேலெழும். துணிச் சுவர்கள் விரியும்.

அதைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்குச் சாயமும் புதுத் திரைச்சீலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அது தவறு என்பது என் கருத்து.

கூரை இணைப்புகளில் பூசிய அடைப்புப் பசை, வெயிலில் காய்ந்து வெடிக்கும். அவ்வழியே மழைநீர் ஒட்டுப்பலகைத் தரைக்கு இறங்கும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரலாம். மரத்துக்கு வலுவூட்டும் செல்லுலோஸை அது சிதைத்துவிடும். ஈரப் பலகைக்குச் சாயம் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கும்; ஒரு நாள் தரை காலடியில் உடையலாம்.

எனவே, ஸ்க்ரூடிரைவர் முனையால் பலகையைக் குத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இறங்கினால் மரம் இற்றுவிட்டது. கசிவை அடைத்து, பலகையை உலர்த்தி, கெட்ட பகுதியை மாற்றிய பிறகே சாயம்.

நம் வீட்டிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரி வீங்கினால், புதுத் தாள் ஒட்டி மறைக்கிறோம். சொட்டும் குழாயைக் கவனிப்பதில்லை. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. இன்றே குனிந்து பாருங்கள்.