விடை கிடைத்துவிட்டதாம், ஆள் வேண்டாமாம்!

தோழர்களே, ஆட்குறைப்பு எமக்குப் புதிதல்ல. துரைமார் அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைப்பார்கள். படித்தவர்களின் ஆய்வுகூடத்திலும் அதே பெயர்தான், அதே கத்திதான்.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் தலைமை நிர்வாகி லாரி மார்ஷல் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு வருடங்களில் சுமார் 350 பேரின் வேலை போகுமாம். காலநிலை மாதிரிகளை உருவாக்குவோரும் கடலையும் காற்றையும் அளப்போரும் அதில் முக்கிய இலக்கு. காலநிலை மாறுகிறது என்பது நிரூபணமாகிவிட்டது, இனி என்ன செய்வது என்பதே கேள்வி, இதுதான் அவர் சொன்ன நியாயம். பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை!

தேயிலை நட்டாயிற்று, இனிக் களை பிடுங்கவும் கவ்வாத்து வெட்டவும் ஆள் எதற்கு என்று கேட்பது போன்றது இது.

காலநிலை மாதிரி என்பது ஒருமுறை செய்து அலுமாரியில் வைக்கும் பொருளல்ல. காற்று, கடல், மேகம், மண் ஆகியவற்றின் இயக்கத்தைக் கணக்குகளாக்கி, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் ஓடவிடுவார்கள். பல உலக மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் 100 கிலோமீற்றர் அளவில் இருக்கும். நுவரெலியாவின் மலையும் கொழும்பின் கடற்கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். எந்தச் சரிவில் எவ்வளவு மழை கொட்டும் என்று அது எப்படிச் சொல்லும்? "என்ன செய்வது" என்ற கேள்விக்கு விடை தேடத்தான் அந்தக் கணக்குகளை இன்னும் கூர்மையாக்க ஆள் வேண்டும்.

அளவீடும் அப்படித்தான். தஸ்மேனியாவின் கேப் கிரிம் நிலையம் 1976 முதல் காற்றை அளந்துவருகிறது. தென்கோளத்தில் இவ்வளவு நீண்ட பதிவுகள் மிகச் சில. விட்டுப்போன வருடத்தின் காற்றைப் பிறகு யாரும் அளக்க முடியாது.

அறிவு மட்டும் போதாது என்பது எமக்கு நன்றாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்தவுக்கு எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. லயத்திலிருந்த சனங்களுக்கு வேறு வீடுதான் வரவில்லை. ஆனால் எச்சரிக்கையைக் கேட்காத அதிகாரிக்கு மருந்து, எச்சரிப்பவனை வீட்டுக்கு அனுப்புவதா?

அங்குள்ள ஊழியர் சங்கம் எதிர்த்தது. உலகெங்குமிருந்து ஏறக்குறைய 3000 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். ஏப்ரல் முடிவில் நிறுவனம் இறங்கிவந்து, ஹோபார்ட் நகரில் 40 விஞ்ஞானிகளுடன் காலநிலை ஆய்வு நிலையம் அமைப்பதாக அறிவித்தது. வெட்டும் குறைந்தது. ஆனாலும் பல வருட அனுபவமுள்ள சிலர் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் கைப்பழக்கத்தை அந்த 40 பேரின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.