பேசிய தரகும் பேசாத செலவும்



நம்மில் எவரும் மனம் உவந்து வீட்டை விற்பதில்லை. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, அடைபடாத கடன் ஆகியவையே விற்கச் செய்கின்றன. மாதனூரில் தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்துக் கட்டிய ஒரு வீடு 15 லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு தரகு என்பது பேச்சு. ஆகவே, 30,000 ரூபாய் என்று வீட்டார் கணக்கிடுகின்றனர். கிரயத்தன்றோ தரகரின் கணக்கு வளர்ந்து நிற்கிறது. வில்லங்கம் பார்த்த செலவு, பட்டா நகல் எடுத்த செலவு, பத்திரச் செலவில் ஒரு பங்கு, கூட வந்த இரண்டாம் தரகருக்கு ஒரு தொகை! நாலுபேர் சூழ்ந்து நிற்கையில் மறுத்துப் பேச நா எழுவதில்லை. மகளுக்கென்று எண்ணியிருந்த பணம் குறைந்துபோகிறது.

இத்தகைய இக்கட்டில் அறியாமையே நமக்கு முதற் பகை. 2016 ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற புதிய திட்டங்களில் விற்பனை செய்யும் முகவர்களையே கட்டுப்படுத்துகிறது. நாம் குடியிருந்த பழைய வீட்டின் விற்பனை அதில் அடங்காது. ஆயினும் 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. நம் சார்பில் செயற்படும் முகவர், நாம் கேட்கும்போது கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். வேறு உடன்பாடு இல்லையேல், ஏற்ற காரியம் முடிந்த பின்னரே அவருக்குக் கூலி உரியதாகும். மேலும், 1899 ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாதவிடத்து, கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை வாங்குபவரையே சாரும். வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் அரசின் இணையதளங்களில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் பிள்ளைகளே கைப்பேசியில் பார்த்துச் சொல்வார்கள்.

எனினும் தரகர் மீது மட்டும் பழி சுமத்துதல் நீதியாகாது. அவரும் வெயிலில் அலைந்து குடும்பம் காப்பவரே. அவர் ஆள் காட்டிய பின்னர், விற்பவரும் வாங்குபவரும் மறைவில் கூடி அவரை விலக்கிக் கிரயம் முடிப்பது நம்மிடையே இல்லையா? உழைத்தவனின் கூலியைப் பிடித்துவைப்பது இறைவனின் திருமுன் கூக்குரலிடும் பாவம் என்று திருச்சபை போதிக்கிறது.

திருமுழுக்கு யோவானிடம் ஆயக்காரர் வந்து வழி கேட்டபோது, தொழிலைக் கைவிடும்படி அவர் கூறவில்லை. விதித்ததற்கு மேல் தண்டலாகாது என்றே பணித்தார். ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோதும், நகரவாயிலில் ஊரார் கேட்க விலை பேசி, 400 வெள்ளிக்காசுகளை நிறுத்துக் கொடுத்தார். அங்கே மறைவானது எதுவும் இல்லை.

நாமும் அவ்வாறே செய்வோம். முன்பணம் கைமாறுவதற்கு முன், தரகு எவ்வளவு, அதில் அடங்கும் செலவுகள் எவை, பணம் கொடுக்கும் நாள் எது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவோம். அதில் இல்லாததை அவர் கேட்க வேண்டாம். அதில் உள்ளதை நாம் மறுக்க வேண்டாம். கூச்சத்தால் இன்று எழுதாமல் விட்டது, நாளை மனக்கசப்பாய் வளரும். நேர்மையாய்ப் பேசிக் கொடுத்த கூலியில் இறைவனின் ஆசீர் தங்கும்.