கயிற்றின் வயதும் டயரின் வயதும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சுரங்கக் கூண்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தொழிலாளர்களை மண்ணுக்கடியில் இறக்கியதும் மீண்டும் வெளிச்சத்துக்கு ஏற்றியதும் எஃகுக் கயிற்றில் தொங்கிய கூண்டுகளே. அந்தக் கயிற்றைத் தகுதி பெற்ற ஒருவர் நாள்தோறும் சோதித்துக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது சுரங்க விதி. கயிறு அறுந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கே எவரும் எண்ணியதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் எங்கள் ஊரின் பிழைப்பு பெங்களூருக்குச் செல்லும் காலை இரயில்களில் ஏறிக்கொண்டது. அந்த இரயில்களில் நின்றுகொண்டே சென்று வந்த பிள்ளைகளில் சிலர் இன்று நல்ல நிலையில் உள்ளனர். இராபர்ட்சன்பேட்டையின் குறுகிய தெருக்களில் இப்போது உயர்ந்த விலையுடைய நான்கு சக்கர இயக்க ஊர்திகளைக் காண முடிகிறது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயின் அந்த ஊர்திகளின் டயர்களை மாற்றும் வேளையில் நம்மில் பலர் காட்டும் அலட்சியம், சுரங்கத்து ஊருக்குப் பொருந்துவதாக இல்லை. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் 2024ஆம் ஆண்டில், பெற்றோரின் வசதிக்கென, ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் பெரிய ஊர்தியை இரண்டாம் கையாக வாங்கினோம். அம்மாவை மாதந்தோறும் மருத்துவத்துக்காக வேலூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஊர்தி அதிகம் ஓடியதில்லை. டயர்களின் மேற்பட்டை ஆழமாகவே இருந்தது. “இன்னும் 20,000 கிலோமீட்டர் கவலையின்றி ஓடும்” என்றார் விற்றவர். நாங்களும் நம்பினோம்.

சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அப்பா, ஊர்தியை ஒருமுறை சுற்றிவந்தார். இருக்கையையும் திரையையும் அவர் பார்க்கவில்லை. டயரின் பக்கச்சுவரில் மயிரிழை போல ஓடிய வெடிப்புகளை விரலால் தடவி, “இதற்கு வயது என்ன?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. தேடிப் பார்த்தபோது பக்கச்சுவரில் 1117 என்ற நான்கு இலக்கங்கள் தென்பட்டன. 2017ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது அதன் பொருள். ஏழு ஆண்டுகள் பழைய அந்த இரப்பரை நம்பித்தான் அம்மாவை நெடுஞ்சாலையில் அழைத்துச் சென்றுவந்தோம்.

நாம் முதலில் வலியுறுத்த விரும்புவது இதுவே: டயர் தேய்வதால் மட்டும் சாவதில்லை, முதுமையாலும் சாகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இரப்பரை இறுகச் செய்கின்றன. ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் ஊர்திக்கும் இதிலிருந்து விலக்கில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வாரக்கணக்கில் தார்ப்பாய்க்கடியில் உறங்கும் ஊர்திகள் எங்கள் ஊரில் பல உண்டு. அவற்றின் டயர்கள் பார்வைக்குப் புதியவை போலத் தோன்றும். ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வல்லுநரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்தாண்டு நிறைந்ததை எந்நிலையிலும் விலக்க வேண்டும் என்றும் டயர் நிறுவனங்களே கூறுகின்றன. ஆறாண்டிலேயே மாற்றச் சொல்லும் ஊர்தி நிறுவனங்களும் உண்டு. புதிய டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கங்களைக் கடையிலேயே படித்துப் பார்ப்பது நம் உரிமை.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் பிற எழுத்துகளும் படிக்கத் தக்கவையே. எங்கள் ஊர்தியில் 275/45 ஆர் 20, 110 டபிள்யூ என்று இருந்தது. டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு. ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பு. 20 என்பது உள்வளையத்தின் அங்குல அளவு. 110 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 1,060 கிலோகிராம் வரை தாங்கும் என்று பொருள். ‘டபிள்யூ’ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரையிலான வேகக் குறியீடு. அந்த வேகத்தில் நாம் செல்லப்போவதில்லை என்பதற்காகக் குறைந்த குறியீடுடைய டயரைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம் ஆகாது. அந்த எழுத்து, வெப்பத்தைத் தாங்கும் வலிமைக்கும் அடையாளம். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையுடன் ஆட்களும் பெட்டிகளும் ஏறிய ஊர்தி கோடை வெயிலில் ஓடும்போது அந்த வலிமையே துணை நிற்கிறது. ஊர்தியின் கையேட்டில் உள்ள சுமை, வேகக் குறியீடுகளுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்தது டயரின் வகை. கடைக்காரர் எங்களுக்கு முதலில் காட்டியவை, பெரிய கட்டிகளாகச் செதுக்கப்பட்ட சேற்று டயர்கள். ஊர்திக்கு அவை ஒரு கம்பீரத்தைத் தரும் என்றார். மறுக்க மாட்டோம். ஆனால் நாம் ஓட்டும் சாலை எது? ஊருக்குள் குழி விழுந்த தெருக்கள், பங்காரப்பேட்டைச் சாலை, பேத்தமங்கலாவை ஒட்டிச் செல்லும் பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை, வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதை. இவற்றில் உழவுச் சேறு எங்கே இருக்கிறது? தார்ச்சாலையில் சேற்று டயர் இரைச்சலிடும். எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். ஈரச்சாலையில் நிற்பதற்கு நீண்ட தூரம் எடுத்துக்கொள்ளும். பத்தில் ஒன்பது பயணம் தார்ச்சாலையில் என்றால் நெடுஞ்சாலை டயரே போதும். தோட்டமும் கிணறும் உள்ளோர்க்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட அனைத்துத் தள டயர் பொருந்தும். கால்களுக்கு ஏற்ற செருப்பை வாங்குவதே முறை. அண்டை வீட்டார் கண்களுக்கு ஏற்றதை அன்று.

அழகுக்காக 18 அங்குல வளையத்தை நீக்கி 21 அங்குலம் பொருத்துவோருக்கும் இது பொருந்தும். வளையம் பெரிதாகும்போது பக்கச்சுவர் மெலிகிறது. குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்ள அங்கே இரப்பர் குறைவு. அடி நேரே வளையத்துக்கும் டயரின் உள்நூல்களுக்கும் போகிறது.

“முன் இரண்டை மட்டும் மாற்றினால் போதும், பாதிச் செலவு மிச்சம்” என்பது நாங்கள் கேட்ட இன்னோர் அறிவுரை. சாதாரணக் காரில் இது ஓரளவு செல்லும். எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஊர்தியில் செல்லாது. புதிய டயரின் சுற்றளவு பெரிது; தேய்ந்த டயரின் சுற்றளவு சிறிது. சிறியது கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். அந்த வேறுபாட்டை, விசையைப் பங்கிடும் நடுப்பகுதிப் பற்சக்கரங்கள் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருந்து சூடேறித் தேய்கின்றன. அப்பகுதி பழுதானால் ஆகும் செலவுக்கு முன் இரண்டு டயர்களின் விலை ஒரு பொருட்டே அன்று. எனவே ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே நிலையிலுள்ள தேய்வு என நான்கையும் சேர்த்து மாற்றுவதே அறிவு. முன்னும் பின்னும் வேறு அளவுகளுடன் வரும் ஊர்திகளில் கையேடு சொல்வதைக் கடைப்பிடிக்க வேண்டும். முழு அளவிலான உதிரிச் சக்கரம் இருந்தால், ஐந்தையும் முறைவைத்து மாற்றிப் போட்டு வந்தால், ஒன்று கிழியும் நாளில் அதே தேய்வுள்ள ஒன்று கையில் இருக்கும்.

உதிரிச் சக்கரமே இல்லாமல் வரும் ஊர்திகளும் உண்டு. அவற்றில் இருப்பவை காற்றிழந்தாலும் ஓடும் ரன்-பிளாட் டயர்கள். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் வரை அவை கொண்டு சேர்க்கும். விலை கருதிச் சாதாரண டயருக்கு மாறுவோர், நள்ளிரவில் மலைப்பாதையில் காற்று இறங்கினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு டயரே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உள்ளது. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட இனத்தில் சேர்த்தபின், இத்தகைய ஊர்திகளின் அரிய அளவுகளுக்குச் சிலகாலம் காத்திருக்க நேர்ந்தது. நம் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பெரிய டயர் ஆலைகள் இயங்குகின்றன. நாடு எது என்று பார்ப்பதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, ஊர்தி நிறுவனம் ஏற்ற அளவும் குறியீடும் உண்டா, ஈரச்சாலையில் பிடிப்பு எப்படி என்று பார்ப்பதே நன்று. ஈரப்பிடிப்பு, சுழல் எதிர்ப்பு, ஒலி ஆகியவற்றுக்கு 2022இல் அரசு வரையறைகளை அறிவித்துள்ளது. கடையில் இவற்றைக் கேட்பதற்கு நாம் கூசத் தேவையில்லை.

புதிய டயர் வந்த பிறகும் கடமை முடிவதில்லை. தங்கவயலின் காலைக் குளிருக்கும் வேலூரின் நண்பகல் வெப்பத்துக்கும் இடையே 20 பாகை வேறுபாடு எளிதில் வந்துவிடும். ஒவ்வொரு 10 பாகைக்கும் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1.5 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை மாறும், ஓட்டத்தின் சூடு அதற்கு மேல். வேலூரில் இறங்கி அளந்து, காற்று மிகுந்துவிட்டது என்று இறக்கிவிடுவோர் பலர். மறுநாள் காலை ஊரில் அதே டயர் குறைந்த காற்றுடன் நிற்கும். குறைந்த காற்றே டயரைச் சூடாக்கி வெடிக்கச் செய்யும் முதற்காரணம். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கையில், ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட அளவுக்கு நிரப்புவதே சரி. மேற்பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரின் காலம் முடிந்தது. மழைக்காலப் பயணம் உள்ளவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இனிப் பணம். எங்கள் நான்கு டயர்களின் விலை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. ஊர்தி வாங்கும்போது மாதத் தவணையைக் கணக்கிட்ட நாங்கள் இதைக் கணக்கிடவில்லை. காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணினோம், அதுவும் பிழை. வழக்கமான வாகனக் காப்பீடு தேய்மானத்தை ஏற்பதில்லை. டயர் மட்டும் சேதமடைந்தாலும் ஏற்பதில்லை; ஊர்தியும் உடன் சேதமானால் மாற்று விலையில் பாதி வரையே தரும். தனி இணைப்புக் காப்பீடு எடுத்தோர் மட்டுமே விதிவிலக்கு. நாங்கள் வாங்கியபோது 28 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருப்பது இப்போது வாங்குவோர்க்கு ஓர் ஆறுதல்.

வழி எளியது. நான்கு டயர்களுக்கு ரூ.1,20,000 ஆகும் என்றும், அவை நான்காண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். மாதம் ரூ.2,500 வீதம் 48 மாதங்கள் ஒரு தொடர் வைப்பில் சேர்த்தால், வட்டியைக் கணக்கில் கொள்ளாமலே அத்தொகை சேர்ந்துவிடும். அந்த ரூ.2,500 நம் மாத வருவாயில் இடம் பெறவில்லை என்றால், அந்த ஊர்தியே நம் வருவாய்க்கு மிஞ்சியது என்று உணர வேண்டும். ஊர்தியை வாங்கும் தகுதி வேறு. அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் தகுதி வேறு. கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே இரண்டாவதையும் எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து. கையில் பணமில்லாதபோதுதான் “இன்னும் ஆறு மாதம் ஓடட்டும்” என்ற பேச்சு எழுகிறது.

எவ்வளவு பெரிய ஊர்தியானாலும் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடத்தில் மட்டுமே. அந்த நான்கு உள்ளங்கைகளில்தான் நம் பெற்றோரும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். அப்பா இப்போது எங்கள் ஊர்தியின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறிய குறிப்பேட்டை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வேலூர்ப் பயணத்துக்கு முன்பும் நான்கு டயர்களின் அழுத்தத்தை அளந்து, தேதியுடன் அதில் எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்தப் பக்கம் நிரம்பாமல் வண்டி வாசலைத் தாண்டுவதில்லை.