விளக்கு வாங்குமுன் கூரையைப் பாருங்கள்



“25,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லையே!” எல்.இ.டி. விளக்கைப் பற்றி இப்படிக் குறைபடுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால் 25,000 மணி நேரம் என்பது 5,000 நாட்கள். அதாவது, 13 ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு காலம் உழைக்க வேண்டிய விளக்கு இரண்டே ஆண்டில் அணைந்துபோனால், “இந்தப் புது விளக்குகளே நம்பத்தகாதவை” என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியன்று. பல வீடுகளில் குற்றம் விளக்கினுடையது அல்ல; அதைப் பொருத்திய இடத்தினுடையது என்பதே என் கருத்து.

இன்று பல வீடுகளில் பொய்க்கூரை அமைத்து, அதற்குள் விளக்குகளைப் பதிக்கிறார்கள். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் டிம்மரும் வைக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், எல்.இ.டி. விளக்குக்கு இதைவிடக் கடினமான இருப்பிடம் வீட்டில் வேறு இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்ந்தது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக, ஒளியோடு சேர்ந்தே வெளியேறிவிடும். எல்.இ.டி. அப்படியல்ல. அதன் ஒளியில் அகச்சிவப்புக் கதிர்கள் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, அதன் முன்னே கையை நீட்டினால் சூடு தெரிவதில்லை. ஆயினும் 9 வாட் விளக்கில் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் விளக்கின் உடல் வழியாகக் கடத்தப்பட்டு, சுற்றியுள்ள காற்றுக்குப் போய்ச் சேர வேண்டும்.

திறந்த வெளியில் தொங்கும் விளக்குக்கு இதில் சிரமமில்லை. சூடான காற்று மேலே போகும். குளிர்ந்த காற்று வந்து சேரும். மூடிய குழிக்குள் காற்றோட்டம் ஏது? போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவிலும் பொய்க்கூரைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும்.

இந்த வெப்பத்தில் முதலில் சாவது ஒளிதரும் டையோடு அன்று. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை டையோடுக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்னும் சிறு மின்சுற்றுதான். அதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 20 டிகிரி உயர்ந்தால் கால் பங்கு ஆயுள்தான் மிஞ்சும்! பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கு இந்தக் குழியை மனத்தில் வைத்துச் சொன்னதன்று.

அடுத்தது டிம்மர். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. எனவே வினாடிக்கு 100 அரை அலைகள். சாதாரண டிம்மர் ஒவ்வோர் அரை அலையின் தொடக்கத்தையும் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. குண்டு பல்பின் இழை வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் குளிர்ந்துவிடாது. அதனால் வெட்டு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்.இ.டி.யின் டிரைவரோ, வெட்டுப்பட்ட அலையைப் புரிந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். மேலும், பழைய டிம்மர்கள் பல, குறைந்தது 40 வாட் அல்லது அதற்கு மேல் சுமை இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். அதில் ஒற்றை 9 வாட் விளக்கை மாட்டினால் சிமிட்டும், ரீங்கரிக்கும், பாதியில் திடீரென அணையும்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலாவதாக, பதிப்பதற்கென்றே செய்த, அலுமினிய முதுகுடைய டவுன்லைட்டை வாங்க வேண்டும். டிரைவர் தனியாக, கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால் மிக நல்லது. கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டாவதாக, ‘டிம் செய்யத்தக்கது’ என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத விளக்கை டிம்மரில் மாட்டவே கூடாது. மூன்றாவதாக, டிம்மரும் எல்.இ.டி.க்கு உரியதாக இருக்க வேண்டும். அரை அலையின் பிற்பகுதியை வெட்டும் வகை பெரும்பாலும் நன்கு ஒத்துப்போகிறது. மின்விசிறி ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நான்காவதாக, எட்டு விளக்குகள் தேவை என்றாலும் முதலில் ஒன்றிரண்டை வாங்கி மாட்டிச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். ஒரு பென்சில் போதும். ஒளியைக் குறைத்து வைத்து, விளக்கின் கீழே பென்சிலை விரைவாக ஆட்டுங்கள். அது மங்கலான விசிறிபோலத் தெரிந்தால் ஒளி சீரானது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு சிமிட்டுகிறது என்று பொருள்.

“இவ்வளவு தொல்லை எதற்கு? மலிவானதை வாங்குவோம், கெட்டால் வேறு மாற்றுவோம்” என்று சிலர் சொல்வார்கள். கெட்டுப்போகும் ஒவ்வொரு விளக்கும் ஒரு மின்சுற்றைக் குப்பையில் சேர்க்கிறது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை விளக்குக் கடையில் இழப்பது சிக்கனமாகுமா?

டிம்மரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குண்டு பல்பின் ஒளியைப் பாதியாகக் குறைத்தாலும் அது ஏறத்தாழ முக்கால் பங்கு மின்சாரத்தை விழுங்கியது. எல்.இ.டி.யில் ஒளி குறையக் குறைய மின்செலவும் ஏறக்குறைய அதே அளவில் குறைகிறது; வெப்பமும் தணிகிறது. ஆனால், படிக்க ஓர் ஒளி, உறங்குமுன் ஓர் ஒளி என்பதுதான் தேவை என்றால், விளக்குகளை இரண்டு சுவிட்சுகளில் பிரித்துவிட்டாலே போதும். கெட்டுப்போக அங்கே எதுவுமில்லை.

உற்பத்தியாளர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இத்தனை மணி நேரம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுவோர், எத்தனை டிகிரி வெப்பம் வரை, எந்த வகை டிம்மரோடு என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த முறை வீட்டில் விளக்கு வாங்கக் கடைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். “எத்தனை வாட்?” என்று அப்பா கேட்கட்டும். “மூடிய குழியில் தாங்குமா? எந்த டிம்மரோடு ஒத்துப்போகும்?” என்று நீங்கள் கேளுங்கள்.