படகுக்கு ஊதுபத்தி கொளுத்தாதீர்கள்

பிரிஸ்பேனில் மூத்தவன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பதிவு எழுதிவிட்டேன். மூன்றாவதும் அதுதானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இது ஆஸ்திரேலியாவைப் பற்றியது இல்லை, நாற்றத்தைப் பற்றியது.

மகன் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறான். 30 அடி நீளம், ஃபைபர் உடம்பு, 1980களில் கட்டியது. மான்லி படகுத்துறையில் கட்டிப் போட்டிருக்கிறான். தூத்துக்குடிக்காரன் பிள்ளைக்குக் கடல் ஆசை வராமல் இருக்குமா என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். அறைக் கதவைத் திறந்ததுதான் தாமதம், மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அழுகின முட்டை, ஈரச் சாக்கு, மூத்திரம் எல்லாம் கலந்த ஒரு வாடை. அதற்கு மேலே எலுமிச்சை வாசனை வேறு! காரில் தொங்கவிடும் வாசனை அட்டை நாலு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஸ்பிரே, ஜெல், பொடி எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு அப்பா. ரெண்டு நாள் நல்லா இருக்கும், மறுபடியும் வந்துடும்" என்றான்.

எனக்கு அந்த எலுமிச்சை வாசனைதான் பிடிக்கவில்லை. கீழே இருந்த நாற்றத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் 34 வருஷம் பழைய துறைமுகத்தில் ஒரு தோணிக்காரர் அலுவலகத்தில் கணக்கு எழுதினவன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி போய்வந்த கணக்கு. 200, 300 டன் ஏற்றும் மரத்தோணிகள். நான் சேர்ந்த காலத்தில் பெரும்பாலும் பாய்தான், எஞ்சின் பிற்பாடு வந்தது. தோணி என்றாலே மணக்கும். சுறா எண்ணெய், குங்கிலியம், கயிறு, முந்தின நடை ஏற்றின வெங்காயம் எல்லாம் சேர்ந்த மணம் அது. வீட்டுக்குப் போனால் சட்டையை வெளியிலேயே கழற்றச் சொல்வாள் என் மனைவி. ஆனால் அது உயிருள்ள மணம். தேங்கின தண்ணீரின் நாற்றம் வேறு. தண்டல்மாருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

1979 ஐப்பசி. கொழும்பில் இருந்து திரும்பிய ஒரு தோணிக்கு அடுத்த சரக்கு சரியாக அமையவில்லை. ஐந்தாறு வாரம் சும்மா கிடந்தது. அடைமழை. சரக்கு அறையின் வாயைத் தார்ப்பாய் போட்டு இறுக மூடிவிட்டார்கள். அடிப்பலகைக்குக் கீழே கசிந்த கடல் தண்ணீர், மேலே இருந்து இறங்கிய மழைத் தண்ணீர், மூட்டை கிழிந்து சிந்திய வெங்காயம் எல்லாம் அங்கேயே ஊறின. தண்டல் ஊருக்குப் போயிருந்தார். தினமும் இறைக்க வேண்டிய தண்ணீரை யாரும் சரியாக இறைக்கவில்லை.

வத்தல் ஏற்ற ஒரு வியாபாரி வந்து எட்டிப் பார்த்தார். "நாறுதே அண்ணாச்சி, என் வத்தல் இதுல ஏறாது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளில் நாற்றம் போக வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொன்னார். நான் என்ன செய்தேன்? பினாயில் வாங்கினேன். தார்ப்பாயை ஒரு ஓரம் விலக்கி, மேலே நின்றபடியே ஊற்றச் சொன்னேன். சாம்பிராணியும் போட்டோம். சாயங்காலம் மூக்கை வைத்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. எனக்குத் திருப்தி. வவுச்சர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அடிப்பலகையைக் கிளப்பி மிச்சத் தண்ணீரை இறைக்க ஒரு கலாசி இறங்கினான். நாற்றம் இல்லையே என்று தைரியமாகத்தான் இறங்கினான். பலகையைப் புரட்டி, கலங்கின தண்ணீரில் வாளியை விட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேலே நின்ற இன்னொருவன் பார்த்தான். 22 வயது, அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆனவன். என்னமோ ஏதோ என்று ஏணியில்கூடக் கால் வைக்காமல் குதித்தான். மூன்றாவது ஆள் குதிக்கப் போகும் நேரத்தில்தான் ஊரில் இருந்து தண்டல் வந்து சேர்ந்தார். அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார். தார்ப்பாய் முழுவதையும் கிழித்து எறிந்து, கொக்கிக் கழியால் ஏணியடியில் கிடந்தவனை இழுத்தார்கள். அவன் பிழைத்தான். பின்னால் குதித்தவன் உள்ளே தள்ளி விழுந்திருந்தான். அவன் பிழைக்கவில்லை.

என் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. தண்டல் மட்டும் ஒரு வாரம் கழித்துக் கேட்டார்: "தம்பி, தண்ணிய எடுக்காம மணத்த ஏன் எடுத்தீங்க?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது இது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட். காற்றுப் போகாத இடத்தில், அழுகுகிற பொருளும் சேர்ந்து கிடந்தால், அங்கே வளரும் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அழுகின முட்டை நாற்றம் அதுதான். காற்றைவிடக் கனம், ஆகையால் அடியிலேயே படுத்துக் கிடக்கும். தண்ணீரைக் கலக்கினால் குபுக்கென்று வெளியே வரும். கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். அழுகுகிற பொருள் காற்றில் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும் என்பது தனி.

மகன் படகு சின்னது, அதில் அவ்வளவு வாயு சேராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த எலுமிச்சை அட்டைகளை முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்தேன். மருமகள் முகத்தில், "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி.

பிறகு தரைப்பலகைகளை எல்லாம் தூக்கினோம். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். தோணியில் தண்டல்மார் செய்கிற முதல் சோதனை, அது கடல் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று பார்ப்பது. நான் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பேரன் "தாத்தா!" என்று அலறினான். (டீசல் மிதக்கிற தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். நான் செய்தது பழக்க தோஷம்.) உப்புக் கரிக்கவே இல்லை. அதாவது ஓட்டை கீழே இல்லை, மேலே.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. படகுக்குக் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர் வேண்டும், உப்பு ஆகாது. உப்பு ஏற்றுகிற தோணிக்கு ஆயுசு கெட்டி என்று எங்கள் ஓடாவி சொல்வார். ஃபைபர் படகில் மரமே இல்லையே என்பீர்கள். உள்ளே தடுப்புப் பலகை, கட்டில், மேல்தட்டின் நடுவில் வைத்த கட்டை எல்லாம் மரம்தான். அவை நனைந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே மக்கும்.

மழை எங்கிருந்து வந்தது? பாய்மரத்தின் வழியாக. அவன் படகில் மரம் மேல்தட்டைத் துளைத்துக்கொண்டு அடிவரை போகிறது. உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். மேலே கயிறு போகிற ஓட்டைகளில் இறங்குகிற மழை நேராக அடிவயிற்றுக்கு வந்துவிடும். சரி, வந்த தண்ணீர் பம்புக்குப் போக வேண்டுமே, ஏன் போகவில்லை? தோணியில் வங்குக்கால்களுக்கு அடியில் தண்ணீர் ஓட ஓட்டை விட்டிருப்பார்கள், அது அடைந்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு குட்டை ஆகிவிடும். இதிலும் அதே கதை. குறுக்குத் தடுப்புகளில் விரல் பருமன் ஓட்டைகள், அவற்றில் தலைமுடி, நூல், ரம்பத்தூள், ஒரு பாட்டில் மூடி. முந்தின சொந்தக்காரர் பென்சில்கூட விட்டுவைத்திருந்தார். வெள்ளைக்காரர்களின் பழைய மரக்கப்பல்களில் இந்த ஓட்டைகள் வழியாக ஒரு சங்கிலியைக் கோத்து வைத்து, அவ்வப்போது முன்னும் பின்னும் இழுத்து அடைப்பு எடுப்பார்களாம். நாங்கள் பழைய கயிற்றை வைத்து அதையே செய்தோம். இழுத்த இழுப்பில் வந்த சேற்றின் வாடையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது.

பம்பு போட்டாலும் கடைசி ஒரு அங்குலம் போகாது. நிறுத்தினதும் குழாயில் நிற்கிற தண்ணீர் திரும்பி உள்ளேயே இறங்கும். மகன் இரண்டு வருஷமாக அந்த ஒரு அங்குலத்தின் மேல்தான் வாசனை தெளித்துக்கொண்டிருந்தான். அதைப் பஞ்சால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். பேரனுக்கு அந்த வேலையைக் கொடுத்தோம், ஒரு வாளிக்கு ஒரு டாலர் கூலி.

அது முடிந்தும் மூத்திர வாடை போகவில்லை. அது கழிப்பறைக் குழாய். பழைய ரப்பர் குழாய்க்குள் தேங்கினது நாளடைவில் குழாயின் சுவரையே ஊடுருவி வெளியே மணக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய் மேல் சுற்றி ஆறவிட்டு, துணியை முகர்ந்து பார்ப்பது. துணி நாறினால் குழாயை மாற்றுவதுதான் வழி. கழுவிப் பிரயோசனம் இல்லை. மாற்றினான், பணம் கொஞ்சம் அதிகம்தான். கழிப்பறைக்குக் கடல் தண்ணீரை இழுக்கிற குழாயிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு வாரம் படகைப் பூட்டிப் போட்டால், உள்ளே நின்ற கடல் தண்ணீரில் இருக்கிற பூச்சி, பாசி எல்லாம் செத்து, முதல் இழுப்பில் முட்டை நாற்றம் வரும். வீட்டுக்குக் கிளம்பும்போது நல்ல தண்ணீரை ஊற்றி ஓட்டிவிட்டால் போதும்.

ஐஸ் பெட்டியின் வடிகால் நேராக அடிவயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலும் மீன் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன. யார் இப்படி வைத்துக் கட்டினார்களோ!

இதற்கிடையில் மகன் ஒரு காரியம் செய்யப் பார்த்தான். எல்லாம் காய்வதற்குள் சீக்கிரம் சுத்தம் ஆகட்டும் என்று பிளீச்சிங் திரவத்தை ஊற்றிவிட்டு, அடுத்த கையில் வினிகர் பாட்டிலை எடுத்தான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூத்திரத்தோடு சேர்ந்தாலும் பிளீச்சிங் விஷப் புகை விடும். அந்தச் சின்ன அறையில், கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதுப் பிள்ளையை அத்தனை பேர் முன்னால் திட்டியிருக்கக் கூடாதுதான். அவனுக்கு அந்த 1979 கதையை நான் சொன்னதே இல்லை. அன்றைக்கு ராத்திரி சொன்னேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பழைய துறைமுகத்தில் இன்றும் மூடிக் கிடந்த சரக்கு அறைக்குள் பிள்ளைகள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கிறேன். மீன்பிடி விசைப்படகுகளின் மீன் அறையும் அதே ரகம்தான். விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் பிராணவாயு இருக்கிறது என்பதுதான் தெரியும், விஷவாயு இல்லை என்று தெரியாது. அது தீப்பிடிக்கிற வாயுவும்கூட. வாயு அளக்கும் கருவி இப்போது கையடக்கமாக வந்துவிட்டது. ஒரு நடைச் சரக்குக் கூலியோடு பார்த்தால் அது பெரிய செலவு இல்லை. அது இல்லாத இடத்தில் மூடியை முழுவதும் திறந்து, நல்ல காற்றை வெகு நேரம் அடிவரை செலுத்தாமல் யாரையும் இறக்கக் கூடாது. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். உள்ளே ஒருவன் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், குதிக்கக் கூடாது. தோணி வைத்திருக்கிற பழைய சிநேகிதர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். பினாயில் வாங்க என்னைப் போல ஒரு கணக்கனை அனுப்பாதீர்கள்.

மகன் போன வாரம் வீடியோவில் கூப்பிட்டான். தரைப்பலகைகளைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தான், முன்பக்கமும் பின்பக்கமும் திறப்புகள் திறந்து கிடந்தன, உள்ளே துணி உலர்த்துகிற மாதிரி காற்று ஓடுகிறது என்றான். பாய்மரத்தடியில் மட்டும் இன்னும் ஈரம் நிற்கவில்லையாம். அங்கே ஒரு வாளியை வைத்திருக்கிறான். மழை பெய்தால் மறுநாள் பேரன் போய் ஊற்றிவிட்டு வருகிறானாம், கூலி இப்போது இரண்டு டாலர்.