நீர்வண்ண ஓவியம்

எண்ணெய் வண்ணமே உயர்ந்தது, நீர்வண்ணம் பயிற்சிக்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. எண்ணெய் வண்ணத்தில் நேர்ந்த பிழையை மேலும் ஒரு பூச்சினால் மறைத்துவிடலாம். நீர்வண்ணத்திலோ அடியிற் பூசியது மேற்பூச்சையும் ஊடுருவித் தோன்றும். ஆதலின், எளிதுபோற் காணப்படும் இக்கலை ஓவியனிடம் முன்னறிவையும் பொறுமையையும் மிகுதியாக வேண்டி நிற்கின்றது.

நீர்வண்ண ஓவியத்திற்கு உயிர் ஒளியே. அவ்வொளியைத் தருவது தாளின் வெண்மை. வெளிச்சம் மெல்லிய வண்ணத்தின் ஊடே சென்று, தாளிற் பட்டு, மீண்டும் வண்ணத்தின் வழியே கண்ணை வந்தடைகின்றது. ஆகவே, ஒளி மிக்க இடங்களை ஓவியன் தீட்டாமலே விட்டுவைக்கின்றான். நிலக்காட்சி வரைவோர் முதலில் வானத்தையும் சேய்மையிலுள்ள மலைகளையும் வெளிறிய நிறத்தால் தீட்டுவர். அது நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சினை இடுவர். உலர்ந்த மஞ்சளின்மேல் மெல்லிய நீலம் படியுமாயின் தெளிந்த பசுமை தோன்றும். அரைகுறையாக உலர்ந்த நிலையில் தூரிகையை மீண்டும் மீண்டும் ஓட்டினால் நிறங்கள் கலங்கிச் சேறுபோல் ஆகிவிடும். மேகமும் மூடுபனியும் போல விளிம்பு கரைந்து தோன்ற வேண்டியவற்றை மட்டும் ஈரத்தாளிலேயே தீட்டுவர். அருகிலுள்ள மரங்களின் கருமை இறுதியில் வரும்.

இங்கிலாந்திலும் இக்கலை ஒரு காலத்தில் தாழ்வாக எண்ணப்பட்டது. அதனால் நீர்வண்ண ஓவியர்கள் 1804ஆம் ஆண்டில் இலண்டனில் தமக்கெனத் தனிச் சங்கம் நிறுவினர். அந்நாட்டு ஓவியர் டர்னர் (1775 - 1851), சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரிக்கரையில் நின்று ரிகி என்னும் மலையைப் பல பொழுதுகளில் உற்று நோக்கினார். 1842ஆம் ஆண்டில் அம்மலையை நீலமாகவும், சிவப்பாகவும், கருமையாகவும் மூன்று ஓவியங்களாகத் தீட்டினார். மலை ஒன்றே, பொழுதும் அது நெஞ்சில் எழுப்பும் உணர்வும் வேறு. 'நீல ரிகி' என்னும் ஓவியத்தில், கதிரவன் எழுமுன் நிலவும் அமைதியை மெல்லிய நீலப் பூச்சுகளே உணர்த்துகின்றன. அதனை 2007ஆம் ஆண்டில் இலண்டன் டேட் கலைக்கூடம் பொதுமக்களின் நன்கொடையையும் பெற்று விலைக்கு வாங்கியது. பயிற்சிக்கு மட்டுமே உரிய கலையாயின், மக்கள் அதற்குப் பொருள் ஈவரோ?

வரையப் பழகும் மாணவர் பலர் தாள் முழுவதையும் விரைந்து நிரப்பிவிடவே விழைகின்றனர். ஒரு பூச்சு உலரும்வரை காத்திருத்தலை அவர்கள் வீண்பொழுதாகக் கருதுதல் கூடாது. அப்பொழுதில் காட்சியை மீண்டும் நோக்கலாம். அடுத்து எங்கே வண்ணமிடுவது, எங்கே விடுவது எனத் தெளியலாம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.