பழுது தீருமுன் மூடப்படும் முறையீடுகள்

நூற்றுக்கணக்கான வாடகை வீடுகளை ஒரே காரியாலயத்திலிருந்து நிர்வகிப்பவர்களுக்கென்று ஆக்கப்பட்டிருக்கும் மென்பொருள்களில், பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் ஓர் ஏற்பாடு உண்டு. குழாய் ஒழுகுகிறது என்றோ, சுவரில் பூஞ்சணம் படர்கிறது என்றோ, குளிர்காலத்தில் வீட்டுக்கு வெப்பம் வரவில்லை என்றோ குடியிருப்பவர் ஒருவர் பதிவு செய்த முறையீட்டின்மேல் 14 நாளோ 30 நாளோ எவரும் எதுவும் எழுதாமல் போனால், அந்த முறையீடு செயலற்றுப் போனதாகக் கருதப்பட்டு, மனிதர் எவருடைய கையும் படாமல் தானாகவே மூடப்பட்டுவிடும். எத்தனை நாள் என்று குறிப்பது நிர்வாகியின் விருப்பம். குறித்த பிறகு மூடுவது இயந்திரத்தின் வேலை. இந்த ஏற்பாடு நியாயமானதன்று என்பதும், வீட்டுக் குறையைப் பற்றிய முறையீட்டை முடித்துவைக்கும் அதிகாரம் அந்த வீட்டில் வசிப்பவருக்கே உரியதென்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நிர்வாகிகள் கூறும் சமாதானங்களில் உண்மை இல்லாமல் இல்லை. முறையிட்டவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். அடைப்பைத் தாமே நீக்கிக்கொண்டு அதைத் தெரிவிக்க மறந்திருக்கலாம். ஒரே ஒழுக்கைப் பற்றிக் கணவர் ஒருமுறையும் மனைவி ஒருமுறையும் பதிந்திருக்கலாம். இத்தகைய பழம்பதிவுகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கிடந்தால், இன்று காலையில் வந்த எரிவாயுக் கசிவு அவற்றுக்கிடையே கண்ணில் படாமல் போகும் அபாயமும் மெய்தான். ஆனால் இந்தக் கஷ்டங்களுக்கெல்லாம் பரிகாரம், பொறுப்புள்ள ஒருவர் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைப் பார்த்துத் தரம் பிரிப்பதேயாகும். செத்த பதிவு எது, உயிருள்ள முறையீடு எது என்று பகுத்தறியமாட்டாத ஒரு நாட்கணக்கின் கையில் இரண்டையும் ஒருசேர ஒப்படைப்பது பரிகாரமாகாது.

முதலில் கவனிக்கவேண்டியது, அந்த நாட்கணக்கு எண்ணுவது யாருடைய மௌனத்தை என்பது. குடியிருப்பவர் முறையிட்டுவிட்டார், அவர் செய்யவேண்டியது பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. அதன் பின்பு குழாய் வேலைக்காரரை அனுப்பவேண்டியவரும், உதிரிப் பாகத்தை வரவழைக்கவேண்டியவரும், செலவுக்கு அநுமதி தரவேண்டியவரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் அசட்டையாக இருந்ததனாலேயே பதிவு ஒரு மாதம் அசைவற்றுக் கிடந்திருக்க, அந்த அசைவின்மையையே ஆதாரமாகக் காட்டி முறையீட்டைத் தள்ளிவிடுவது, கடன்பட்டவர் தாம் திருப்பிக் கொடாத நாள்களை எண்ணிக் காட்டிக் கடன் தீர்ந்துபோயிற்று என்று வாதிடுவதற்கு ஒப்பாகும்.

பழுதுபார்ப்பவர் வரவேண்டிய நேரத்தைக் கேட்டு நிர்வாகம் செய்தி அனுப்பியும் பதில் வரவில்லையென்றால் அப்பொழுதாவது மூடலாகாதா என்று கேட்கலாம். அந்தச் செய்தி போய்ச் சேரும் இடத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குகிறவர், நிர்வாகத்தின் மொழியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவர், மின்னஞ்சலைத் திறக்கப் பேரன் வரவேண்டிய முதியவர், குத்தகையைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகையில் வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்ய அஞ்சுகிறவர், மூன்று முறை சொல்லியும் பயனில்லாமல் மனம் அலுத்துப் போனவர் ஆகிய இவர்களெல்லாம் வாய் திறவாமல் இருப்பார்கள். இவர்கள் வீட்டுச் சுவர் உலர்ந்துவிட்டது என்பதற்கு இவர்களுடைய மௌனம் சாட்சியாகாது.

வீட்டுக் குறைகளின் சுபாவமும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராதது. நியூயார்க் நகரில் வீட்டுக்காரர் வெப்பம் அளிக்கக் கடமைப்பட்ட பருவம் அக்டோபர் 1 முதல் மே 31 வரை. ஏப்ரலில் ஒருவர் முறையிட்ட ரேடியேட்டர் ஜூன் மாதத்தில் எவரையும் வருத்தாது. வருத்தாததனால் அவர் எழுதமாட்டார். எழுதாததனால் முறையீடு மூடப்படும். நவம்பரில் முதற்குளிர் இறங்கும்பொழுது, பழுது பழுதாகவே இருக்க, அதற்கான பதிவு மட்டும் மறைந்து போயிருக்கும். மேல்தளத்துக் குளியலறையிலிருந்து கசியும் நீர், மேல்வீட்டார் ஊருக்குப் போனால் நின்றுவிடும், அவர்கள் திரும்பியதும் தொடங்கும். பூஞ்சணமோ துடைத்தால் மறையும், வர்ணம் பூசினால் ஒளிந்துகொள்ளும். உள்ளே ஈரம் இருக்குமானால் ஓரிரு நாளிலேயே மறுபடி தளிர்க்கத் தொடங்கும்.

இவை வெறும் ஊகங்கள் அல்ல என்பதற்கு நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தின் சரித்திரமே சான்று. 1934-இல் தோன்றி, அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பொது வீட்டுவசதி ஸ்தாபனமாக வளர்ந்த அந்த ஆணையத்தின் வீடுகளில் லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் வசிக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் கணக்கில் நிலுவையாக இருந்த பழுதுபார்ப்பு உத்தரவுகள் 4 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு முடிவில் அத்தொகை 1 லட்சத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மகத்தான சாதனை என்றே எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 2018 ஜூன் மாதத்தில் மத்திய அரசின் வழக்கறிஞர் அந்த ஆணையத்தின்மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த புகார் வேறு கதையைச் சொல்லிற்று. வேலையைச் செய்து முடிப்பதைக் காட்டிலும், குடியிருப்பவர் வீட்டில் இல்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டி உத்தரவுகளை மூடுவதனாலேயே நிலுவை குறைந்ததென்றும், பரிசோதகர்கள் வருமுன் கட்டடத்தின் தண்ணீரை நிறுத்தி ஒழுக்குகளை மறைத்தார்களென்றும், பாழ்பட்ட இடங்களை ஒட்டுப்பலகையால் அடைத்துப் பொய்ச்சுவர் எழுப்பினார்களென்றும் அதில் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. 2019 ஜனவரியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பயனாக, அந்த ஆணையம் வெளியாள் ஒருவரின் கண்காணிப்புக்கு உட்பட நேர்ந்தது.

அங்கே பதிவை மூடியவர்கள் மனிதர்களே. எண்ணிக்கை குறைந்தாகவேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வர, கீழே இருந்தவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆயினும் அவர்கள் நெஞ்சறியச் செய்த காரியத்தை, தானாக மூடும் ஏற்பாடு எவருடைய நெஞ்சையும் உறுத்தாமல் செய்துவிடுகிறது என்பதே எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. புகார் எழுந்தால் இன்னார் கையெழுத்திட்டு மூடினார் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இருக்கமாட்டார். நாள் கடந்துவிட்டது என்ற ஒரே ஒரு வரிதான் பதிவில் நிற்கும்.

அதே ஆணையத்தைப் பற்றி இன்னொரு விவரமும் கூறவேண்டும். ஆஸ்துமாவினால் அவதிப்பட்ட குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்கில் 2013 டிசம்பரில் ஏற்பட்ட சமரசத்தின்படி, பூஞ்சணத்தைச் சாதாரணப் பழுதானால் 7 நாளிலும் சிக்கலானதானால் 15 நாளிலும் நீக்குவதாக ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் மேலே படிந்ததைத் துடைத்துவிட்டு, ஈரத்துக்குக் காரணமாகிய குழாயை அப்படியே விட்டுப்போனதனால் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது; 2015-இல் நீதிபதி, ஒப்பந்தம் பேணப்படுகிறதா என்று கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கவேண்டியதாயிற்று. தொழிலாளர் நேரில் வந்து வேலை செய்துவிட்டுப் போன வீட்டிலேயே முடிந்தது என்ற குறிப்பு இவ்வளவு நம்பத்தகாததாக இருக்குமானால், எவருமே வராத வீட்டில் நாட்கணக்கு எழுதும் குறிப்பை எப்படி நம்புவது?

தனியார் கட்டடங்களின் விஷயத்தில் அந்நகரச் சட்டமே ஏறத்தாழ இத்தகைய ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. நகர இன்ஸ்பெக்டர் விதிமீறல் என்று பதிந்த குறையைச் சரிசெய்துவிட்டதாக வீட்டுக்காரர் தாமே உறுதி எழுதித் தந்த பின், நகர நிர்வாகம் 70 நாளுக்குள் மறுபரிசோதனை செய்யாவிட்டால், குறை நீங்கியதாகவே கொள்ளப்படும். இந்த விதியை நான் விரும்பவில்லை. ஆனாலும் அங்கே ஒரு மனிதர் பொய்யானால் தண்டனை உண்டு என்று அறிந்து கையெழுத்திடுகிறார். குடியிருப்பவருக்கும் செய்தி போகிறது, அவர் மறுத்துச் சொல்லலாம். குறையுள்ள அந்த விதிக்கு இருக்கும் இந்தக் காவல்கள்கூட மென்பொருளின் மூடலுக்கு இல்லை.

மூடியதை மறுபடி திறந்துகொள்ளலாமே என்பார்கள். பல மென்பொருள்களில் திறப்பது என்பது புதிய எண்ணும் புதிய தேதியும் கொண்ட வேறொரு முறையீட்டைப் பதிவதுதான். எட்டு மாதத்து ஒழுக்குக்கு அன்றோடு வயது ஒரு நாளாகிவிடும். இது எழுத்தர் கணக்கில் நேரும் அற்ப மாறுதல் அன்று. நியூயார்க் மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், வசிக்கத் தகுந்த வீடு என்ற உறுதி ஒவ்வொரு குடியிருப்புக் குத்தகையிலும் அடங்கியிருப்பதாக விதிக்கிறது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டின் சுவர், கூரை முதலியவற்றையும் தண்ணீர், வெப்பச் சாதனங்களையும் செப்பமாக வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரர்மேல் சுமத்துகிறது. வழக்கு என்று வரும்பொழுது, குறை எப்பொழுது வீட்டுக்காரருக்குத் தெரிந்தது என்பது முக்கியமான கேள்வியாக எழும். முதல் முறையீட்டின் தேதியை மங்கச் செய்யும் எந்த ஏற்பாடும், வலியவர் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

இங்கிலாந்து இப்பொழுது நாட்கணக்கை எதிர்த் திசையில் ஓடவிட்டிருக்கிறது. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுங்காலம் படர்ந்திருந்த பூஞ்சணத்தினால் விளைந்த சுவாசக் கேடே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2017-லேயே முறையிட்ட தந்தைக்கு, அதன்மேல் வர்ணம் பூசிக்கொள்ளும்படி யோசனை கூறப்பட்டிருந்தது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டத்தின் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27-இல் சமூக வீட்டுவசதி ஸ்தாபனங்களுக்கு அமலுக்கு வந்தது. அவசர அபாயமானால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கவேண்டும். கடுமையான ஈரமோ பூஞ்சணமோ ஆனால் 10 வேலை நாளில் விசாரித்து, விசாரணை முடிந்த 5 வேலை நாளில் வீட்டை அபாயமற்றதாக்கவேண்டும். நாள் கடக்கக் கடக்க வீட்டுக்காரரின் கடமை கடுமையாகுமேயன்றிக் கரைந்து போகாது.

மென்பொருளும் இவ்வாறே அமையவேண்டும் என்று கேட்பதில் மிகை ஒன்றுமில்லை. 30 நாள் அசைவற்றுக் கிடக்கும் முறையீட்டை, அதைக் கவனிக்கத் தவறியவருக்கு மேலுள்ள அதிகாரியின் முன் தானாகவே கொண்டுபோய் வைக்கும்படி அதே இயந்திரத்தைப் பணிக்க முடியும். குடியிருப்பவர் ஒப்புக்கொண்டு முடிந்ததையும், பதிலே இல்லாமல் நிற்பதையும் ஒரே பெயரால் குறிக்காமல், பதிலில்லாதவற்றைத் தனி எண்ணிக்கையாக மாத அறிக்கையில் காட்டவேண்டும். வீட்டு உரிமையாளர்களும், பொது வீடுகளானால் நகர மன்றங்களும் முதலில் பார்க்கவேண்டிய எண் அதுதான். வெப்பம், தண்ணீர், எரிவாயு, லிப்ட், பூஞ்சணம் ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகளில் தானாக மூடும் வசதியே இருக்கலாகாது. முறையிட்டவர் காலி செய்துகொண்டு போனாலும், குறை அவருடன் போவதில்லையாதலால், பதிவு அவருடைய பெயரை விட்டு அந்த வீட்டின் எண்ணோடு பிணைந்து நிற்கவேண்டும். அடுத்துக் குடிவருபவர் குத்தகையில் கையெழுத்திடுமுன் அதைப் படித்துப் பார்க்க உரிமை பெறவேண்டும். எத்தனை முறை மூடித் திறந்தாலும், முதல்முதலாகச் சொல்லப்பட்ட தேதியே அதன் தேதியாக இருக்கவேண்டும்.